குழந்தை இல்லாதவர்களுக்கும் வீடு இருக்கிறது: எங்கள் நிறுவன நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

நிர்வாக இயக்குநர் அவர்களுக்கும் மனிதவளப் பிரிவின் பொறுப்பாளர்களுக்கும்,

இந்த மாதத் தொடக்கத்தில் நீங்கள் வெளியிட்ட ‘குடும்ப நலக் கொள்கை’ சுற்றறிக்கையின் நான்காவது பத்தியை என்னால் ஏற்க முடியாது. பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தை உள்ள ஊழியர்களுக்கு நிரந்தரப் பகல் ஷிப்ட், வாரம் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை, பண்டிகை விடுமுறையிலும் மே மாத விடுப்பிலும் முதல் உரிமை என்று முதல் மூன்று பத்திகள் சொல்கின்றன. அவை இருக்கட்டும். நான்காவது பத்தி, இதனால் ஏற்படும் இரவுப் பணியையும் விடுமுறை நாள் பணியையும் ஏனைய ஊழியர்கள் நிறைவு செய்வார்கள் என்று முடிக்கிறது. அந்த ஏனையோரில் நானும் ஒருத்தி. எங்களில் ஒருவரையும் கூப்பிட்டுக் கேட்காமல் அந்த வரியை எழுதியிருக்கிறீர்கள்.

இதை முதலில் உங்கள் அறைக்கு வந்துதான் சொன்னேன். மனுவும் எழுதிக் கொடுத்தேன். எழுத்தில் பதில் வரவில்லை. நேரில் கிடைத்த பதில் இது: “குழந்தை வளர்ப்பவர்களின் சிரமம் உங்களுக்குப் புரியாது. உங்களுக்கு வீட்டில் என்ன பொறுப்பு இருக்கிறது?” நான் வாயைத் திறப்பதற்குள் கேட்டவர் கணினித் திரைக்குத் திரும்பிவிட்டார். இதே சொற்களை வேறு சிலரும் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள். ஆகவே என் பதிலை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரை நான் குறிப்பிடவில்லை. என்னோடு வேலை செய்பவர்களின் பிழைப்பு அதில் இருக்கிறது. தவிர, நாகர்கோவிலைச் சுற்றி இதே தொழில் செய்யும் மற்ற அலுவலகங்களிலும் நிலைமை இப்படித்தான் என்று அங்கிருக்கும் தோழிகள் சொல்கிறார்கள்.

வெளியிலிருந்து படிப்பவர்களுக்காக வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க மருத்துவமனைகளுக்குக் காப்பீட்டு நிறுவனங்கள் தரவேண்டிய பணத்தை வசூலித்துக் கொடுப்பது எங்கள் தொழில். வந்த பணத்தைக் கணக்கில் ஏற்றுவது, கிளெய்ம், அதாவது மருத்துவமனை அனுப்பிய காப்பீட்டுக் கோரிக்கை, எந்த நிலையில் இருக்கிறது என்று இணையதளத்தில் பார்ப்பது போன்றவற்றைப் பகலில் செய்யலாம். பாக்கிப் பணத்துக்காக அழைத்துப் பேசும் ‘ஏ.ஆர். காலர்’ வேலையை அப்படிச் செய்ய முடியாது. காப்பீட்டு நிறுவனத்தின் ஆளைத் தொலைபேசியில் பிடித்துப் பேசவேண்டும். அவர்கள் அலுவலகத்தில் இருக்கும் நேரம் நமக்கு இரவு. அமெரிக்கக் கிழக்குக் கரையில் காலை 9 மணி என்றால் இங்கே மாலை 6.30. நவம்பரில் அவர்கள் கடிகாரத்தைத் திருப்பி வைத்தால் இங்கே 7.30. வேலை முடிந்து வேனில் ஏறும்போது விடிகாலை மூன்றரையோ நான்கரையோ ஆகிவிடும்.

இதுவரை எல்லோரும் ஒரு மாதம் பகல், ஒரு மாதம் இரவு என்று மாறிமாறிப் பார்த்துவந்தோம். அது சுகமான ஏற்பாடு என்று யாரும் சொல்ல மாட்டோம். ஆனால் கஷ்டம் பொதுவாக இருந்தது. இப்போது பகல் வேலை முழுவதும் பெற்றோர்களுக்குப் போய்விட்டது. அடுத்த மாதப் பட்டியலில் என் பெயருக்கு நேரே இரவு. அதற்கடுத்த மாதமும் இரவு. எப்போது மாறும் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை.

எனக்கு வீட்டில் என்ன பொறுப்பு என்று கேட்டீர்கள். திங்கள்சந்தைக்குப் பக்கத்தில் என் வீடு. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் முழுவதும் செயலிழந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. அம்மா இல்லை. அண்ணன் குவைத்தில் இருக்கிறார். மாதம் தவறாமல் பணம் அனுப்புகிறார், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அப்பாவை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்கவேண்டும். தவறினால் முதுகிலும் இடுப்பிலும் புண் வந்துவிடும். வந்த புண் ஆற எத்தனை மாதம் ஆகும் என்பதை ஒருமுறை ஆசாரிபள்ளம் அரசு மருத்துவமனையில் அவரோடு தங்கியிருந்தபோது பக்கத்துக் கட்டிலில் பார்த்தேன். அன்றிலிருந்து கடிகாரம் பார்த்துத்தான் தூங்குகிறேன்.

பகலுக்கு ஆள் கிடைக்கும். காலை எட்டு மணிக்கு ஓர் அம்மா வருகிறார், மாலை ஆறு மணிவரை இருக்கிறார். இரவு தங்க ஆள் கிடைப்பதில்லை; கிடைத்தாலும் என் சம்பளத்தில் பாதியைக் கேட்கிறார்கள். என்னுடைய இரவு மாதங்களில் பக்கத்து வீட்டுச் சித்தி வந்து படுத்துக்கொள்வார். அவருக்கே எழுபது வயது தாண்டிவிட்டது. “மக்களே, நான் காவல் இருந்துவிடுவேன், புரட்ட எனக்குத் தெம்பில்லை” என்று அவர் சொன்னபோது என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஒரு மாதம் என்றால் அத்தை மகள் வந்து சமாளிப்பாள். ஆண்டு முழுவதும் யாரை அழைப்பேன்? குழந்தை உள்ளவருக்குப் பகல் ஷிப்ட் எதற்குத் தேவைப்படுகிறதோ, அதே காரணத்துக்குத்தான் எனக்கும் தேவைப்படுகிறது. தானாக எழுந்து தண்ணீர் குடிக்க முடியாத ஒருவர் என் வீட்டிலும் இருக்கிறார். அவருக்கு வயது எழுபத்து நான்கு என்பதால் உங்கள் படிவத்தில் அவருக்கு இடமில்லை.

நம் மாவட்டத்தில் வாழ்கிற உங்களுக்கு இது தெரியாமல் இருக்க வழியில்லை. வீட்டுக்கு ஒருவராவது வளைகுடாவில் இருக்கிறார், அல்லது வெளிநாட்டில் நர்ஸாக இருக்கிறார், அல்லது சென்னையிலும் பெங்களூருவிலும் குடியேறிவிட்டார். ஊரில் தங்குகிற ஒரு பிள்ளையின் கையில்தான் பெற்றோர் வந்து சேர்கிறார்கள். பெரும்பாலும் அந்த ஒரு பிள்ளை கல்யாணம் ஆகாதவராகவோ குழந்தை இல்லாதவராகவோ இருப்பார். “அவளுக்கென்ன, தனி ஆள்தானே, அவள் பார்த்துக்கொள்ளட்டும்” என்று குடும்பம் தீர்மானித்துவிடும். வீடு எந்தக் காரணத்தைச் சொல்லி எங்கள்மேல் பாரத்தை ஏற்றுகிறதோ, அதே காரணத்தைச் சொல்லி எங்களுக்குப் பாரமே இல்லை என்று அலுவலகம் முடிவு செய்கிறது. இரண்டுக்கும் நடுவில் நாங்கள் தூக்கமில்லாமல் நிற்கிறோம்.

மத்திய புள்ளியியல் அமைச்சகத்தின் 2021 அறிக்கைப்படி தமிழ்நாட்டு மக்களில் 13.6 சதவீதம் பேர் அறுபது வயதைத் தாண்டியவர்கள். மாநிலங்களில் கேரளத்துக்கு அடுத்த இடம் நமக்கு. ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வில் தமிழ்நாட்டுப் பெண்ணுக்குச் சராசரிக் குழந்தை எண்ணிக்கை 1.8. குழந்தைகள் குறைந்து முதியவர்கள் கூடும் மாநிலத்தில், அதுவும் கேரளத்தை ஒட்டிய இந்த மூலையில், பராமரிப்பு என்றால் குழந்தை மட்டும் என்று ஒரு கொள்கையை எப்படி எழுதினீர்கள்? பெற்றோரைப் பராமரிக்கும் கடமையைப் பிள்ளைகள்மேல் 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் சுமத்துகிறது. நான் அப்பாவைக் கைவிட்டால் மூன்று மாதம் வரை சிறைக்குப் போகலாம். பத்மநாபபுரம் வருவாய்க் கோட்ட அலுவலகத்தில் என்மேல் மனுக் கொடுக்கலாம். அரசு சட்டம் போட்டு விதித்த கடமையை உங்கள் சுற்றறிக்கை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

என்னைப் பற்றி மட்டும் பேசினால் இது என் வீட்டுப் பிரச்சினையாகிவிடும். எனக்கு இரண்டு இருக்கை தள்ளி உட்காரும் தம்பி, மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையில் ஒரு மீனவ ஊரைச் சேர்ந்தவர். திருமணம் ஆகவில்லை. 2017 நவம்பர் 30 அன்று ஒகி புயல் அடித்தபோது ஆழ்கடலில் இருந்த அவருடைய அக்காளின் கணவர் கரை திரும்பவில்லை. அப்போது அக்காளின் இளைய மகன் கைக்குழந்தை. அன்றிலிருந்து இரண்டு பிள்ளைகளையும் வளர்ப்பது இவர்தான். பள்ளியில் கையெழுத்துப் போடுகிறவர், காய்ச்சல் என்றால் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர், கட்டணத்துக்குக் கடன் வாங்குகிறவர் எல்லாம் இவரே. உங்கள் படிவம் பெற்றோர் பெயர் உள்ள பிறப்புச் சான்றிதழைக் கேட்கிறது. அதில் இவர் பெயர் எப்படி இருக்கும்? விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. குழந்தையின் நலனை நினைத்து எழுதிய கொள்கை, கண்ணெதிரே இரண்டு குழந்தைகளை வளர்க்கிறவரை வெளியே நிறுத்தியிருக்கிறது.

இன்னொரு தோழி. அவள் சம்மதத்தோடு எழுதுகிறேன். திருமணமாகிப் பல ஆண்டுகள் ஆகியும் குழந்தை இல்லை. திருவனந்தபுரத்தில் சோதனைக் குழாய் சிகிச்சை எடுக்கிறாள். அதன் நடைமுறை உங்களுக்குத் தெரியவேண்டும். பத்துப் பன்னிரண்டு நாள் தினமும் ஒரே நேரத்தில் ஊசி போடவேண்டும். இடையிடையே காலையில் ஸ்கேன். கடைசி ஊசி போட்டு ஏறத்தாழ 36 மணி நேரத்தில் கருமுட்டையை எடுத்துவிடவேண்டும். நமக்கு வசதியான நாளுக்கு அதைத் தள்ளிப்போட முடியாது. தேதியைக் கணக்கிட்டு அவள் முன்கூட்டியே விடுப்புக் கேட்டாள். அந்த வாரம் பெற்றோர்களின் பள்ளிக் கூட்டங்கள் இருந்ததால் அவளுடைய விடுப்பு ரத்தானது. சிகிச்சை பாதியில் நின்றது. செலவழித்த பணத்தைப் பற்றி அவள் பேசவே இல்லை. அவள் கேட்டது ஒன்றுதான்: “குழந்தை பிறந்தால் எல்லாம் தருவார்களாம் அக்கா, பிறப்பதற்கு ஒரு காலைப்பொழுது தரமாட்டார்களா?” உங்களிடம் இதற்கு என்ன பதில் இருக்கிறது? கருச்சிதைவு ஆனால் ஆறு வாரச் சம்பள விடுப்பு என்று மகப்பேறு நலச் சட்டத்திலேயே இருந்தது; அதற்குப் பதிலாக வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் இருக்கிறது. நம் அலுவலகத்தில் அந்த ஆறு வாரம் முடிந்து வந்த பெண்கள் நேராக இரவு ஷிப்டில்தான் உட்கார்ந்தார்கள், குழந்தை இல்லாதவர்கள் என்ற கணக்கில்.

மாமியாருக்கு நினைவு தவறிக்கொண்டிருக்கும் ஐம்பது வயது அக்கா ஒருவரும் எங்கள் பட்டியலில் இருக்கிறார். அவருடைய பிள்ளைகள் வளர்ந்துவிட்டதால் அவரும் இரவுக்குத் தள்ளப்பட்டார்.

இந்த உதாரணங்களைப் படித்துவிட்டு, நோயாளியோ குழந்தையோ வீட்டில் இருந்தால் பார்க்கலாம், மற்றவர்கள் இரவைப் பார்க்கட்டும் என்று நீங்கள் நினைக்கக்கூடும். அதையும் நான் ஏற்கவில்லை. எங்கள் குழுவில் இருபத்தாறு வயது இளைஞர் ஒருவர் இருக்கிறார். பெற்றோர் நலம். தனக்கு எந்தக் கஷ்டமும் இல்லை என்று அவரே சொல்வார். மாலையில் பங்குக் கோவில் பாடகர் குழுவில் பாடுவார், குரூப் 2 தேர்வுக்குப் படிப்பார், நண்பர்களோடு பந்து விளையாடுவார். மாதம் மாறி மாதம் அது நடந்தது. இனி நடக்காது. அவர் இழப்பதற்கு ஈடாக என்ன கொடுக்கிறீர்கள்? ஒன்றுமில்லை. இரவுப் படி அதேதான். உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை இரவு ஷிப்ட் வேலையை மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கப் பெரும்பாலும் வாய்ப்புள்ளது என்ற வகையில் 2007-இல் சேர்த்தது. 2019-இல் மறுபடி ஆராய்ந்து அதை உறுதி செய்தது. உடம்பைப் பாதிக்கும் வேலையை ஒருவருக்கு நிரந்தரமாக ஒதுக்க, அவருக்குக் குழந்தை இல்லை என்பது போதிய காரணம் ஆகாது. இரவில் தூங்கவேண்டும் என்று ஆசைப்பட யாரும் மருத்துவச் சான்றிதழ் கொடுக்கத் தேவையில்லை.

இனிப் பண்டிகைகள். புனித வெள்ளி அமெரிக்காவில் கூட்டரசு விடுமுறை இல்லை. காப்பீட்டு அலுவலகங்கள் திறந்திருக்கும், நாமும் அழைக்கிறோம். இந்த மாவட்டத்தில் புனித வெள்ளி என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. மண்டைக்காட்டுக் கொடையும், ஓணமும், பொங்கலும், கோட்டாறு சவேரியார் திருவிழாவும் அப்படித்தான். கடந்த சில ஆண்டுகளின் பட்டியலை எடுத்துப் பாருங்கள். புனித வெள்ளி இரவிலும் தீபாவளி இரவிலும் பொங்கல் இரவிலும் இருந்த பெயர்கள் திரும்பத் திரும்ப வரும் அதே பெயர்கள். சுற்றறிக்கை வருவதற்கு முன்பே வாய்மொழியாக நடந்துவந்ததுதான் இது. “பிள்ளைகள் இருக்கும் வீட்டில்தானே பண்டிகை” என்று எங்கள் குழுத் தலைவர் சொன்னார். படுத்த படுக்கையாக இருந்தாலும் குருத்தோலையைக் கையில் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் என் அப்பா இருக்கும் வீட்டிலும் பண்டிகை உண்டு.

வேலை நின்றுவிடும் என்ற வாதத்தையும் பார்த்துவிடுவோம். அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீடான மெடிகேரில் நிராகரிக்கப்பட்ட கிளெய்முக்கு முதல் மேல்முறையீடு செய்ய 120 நாள் அவகாசம் இருக்கிறது. எந்தக் கிளெய்முக்கு எந்தத் தேதியில் கெடு முடிகிறது என்று நம் மென்பொருளே காட்டும். ஒரு புனித வெள்ளி இரவில் பாதிப்பேர் மட்டும் இருந்து, கெடு நெருங்கியவற்றை முதலில் முடித்தால் எந்த மருத்துவமனையின் பணமும் மூழ்காது. பல ஆண்டுகள் இந்த வேலையைச் செய்தவள் என்ற முறையில் சொல்கிறேன், திட்டமிட்டால் முடியும்.

தொழில் நிறுவனங்களின் தேசிய, பண்டிகை விடுமுறைகள் பற்றிய தமிழ்நாட்டின் 1958-ஆம் ஆண்டுச் சட்டம் ஆண்டுக்கு ஒன்பது சம்பள விடுமுறைகளைச் சொல்கிறது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கோடு ஐந்து பண்டிகை நாட்கள். அந்த நாளில் வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம், இல்லையேல் அன்றைய சம்பளத்தோடு வேறொரு நாள் சம்பள விடுமுறை. இரண்டில் எது வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் உரிமை ஊழியருடையது. நம்மிடம் என்ன நடக்கிறது? தேர்வே கிடையாது, மாற்று விடுமுறைதான் தருகிறீர்கள். அதையும் முப்பது நாளுக்குள் எடுக்காவிட்டால் காலாவதி என்கிறீர்கள். முப்பது நாளுக்குள் கேட்டால் ஆள் இல்லை என்கிறீர்கள். எங்களுடைய மாற்று விடுமுறைகள் இப்படித்தான் ஒவ்வொன்றாகக் கரைந்தன.

நான் தாய்மார்களுக்கு எதிராக எழுதுகிறேன் என்று யாராவது சொல்வார்கள். சொல்ல வேண்டாம். பால்குடி மாறாத குழந்தையை விட்டுவிட்டு இரவில் வேன் ஏறி, மார்பு கட்டி வலியோடு உட்கார்ந்திருந்த பெண்களின் அழைப்புகளை நாங்கள்தான் சேர்த்துப் பார்த்தோம். அப்போது எந்தச் சுற்றறிக்கையும் இருக்கவில்லை. அவர்களுக்குப் பகல் வேலை வேண்டும் என்று உங்களிடம் முதலில் கேட்டவர்களும் நாங்கள்தான். 2017-இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம், ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்கவேண்டும், தாய் ஒரு நாளில் நான்குமுறை போய்ப் பார்த்துவர அனுமதிக்கவேண்டும் என்றது. 2020-இன் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் அதைக் கைவிடவில்லை. நம் அலுவலகத்தில் ஐம்பது பேருக்கு மேல் இருக்கிறோம். காப்பகம் எங்கே? அதற்கு இடம் வேண்டும், ஆள் வேண்டும், மாதாமாதம் பணம் வேண்டும். நான்காவது பத்திக்கு நிறுவனத்தின் கையிலிருந்து ஒரு ரூபாயும் செலவில்லை. செலவு முழுவதும் எங்கள் தூக்கத்திலிருந்து எடுக்கப்படுகிறது. பக்கத்து வீட்டுத் தோப்பில் தேங்காய் பறித்து விருந்தாளிக்கு இளநீர் வெட்டிக் கொடுப்பது போன்றது இது.

ஆள் பற்றாக்குறைதான் இங்கே அடிப்படை. பத்துப் பேர் பகலுக்கு மாறினால் இரவுக்கு எத்தனை பேரைப் புதிதாக எடுத்தீர்கள்? ஒருவரையும் எடுக்கவில்லை. ஒருவர் குழந்தைக்குக் காய்ச்சல் என்று பாதியில் கிளம்பும்போது அவருடைய கிளெய்ம்கள் எங்கள் வரிசையில் வந்து விழுகின்றன. எங்கள் இலக்கு அப்படியே இருக்கிறது. மாதக் கடைசியில் இலக்கை எட்டாதவர் பட்டியலில் எங்கள் பெயர் வருகிறது. அதைப் பார்த்து எங்களில் சிலர் அந்தத் தாயின்மேல் கோபப்படுகிறார்கள். கோபம் வரவேண்டிய இடம் அதுவல்ல என்று ஒவ்வொரு முறையும் நான் சொல்லவேண்டியிருக்கிறது. உங்கள் ஏற்பாடு எங்களுக்குள் பகையை வளர்க்கிறது.

அந்தத் தாய்மார்களுக்கும் இதனால் நன்மை மட்டும் கிடைக்கவில்லை. ஊக்கத்தொகை காலர்களுக்குத்தான் உண்டு. குழுத் தலைவர் பதவிக்கும் இரவுக் குழுவிலிருந்துதான் எடுக்கிறீர்கள். பகலுக்கு மாறிய பெண்ணின் வருமானம் குறைகிறது, அவளுடைய உயர்வும் நின்றுவிடுகிறது. சுற்றறிக்கை பெற்றோர் என்று சொன்னாலும், பகல் ஷிப்ட் கேட்டுவந்த இரண்டு தந்தையரிடம் “வீட்டில் மனைவி இருக்கிறாரே” என்று சொல்லித் திருப்பி அனுப்பினீர்கள். பிள்ளை வளர்ப்பது பெண்ணுடைய வேலை, இரவு உழைப்பது பிள்ளை இல்லாதவருடைய வேலை என்று ஆகிவிட்டது.

இது தீர்க்க முடியாத சிக்கல் அல்ல. பிரிட்டனில் 2003-இல் நெகிழ்வான பணிநேரம் கேட்கும் உரிமையைச் சிறு குழந்தைகளின் பெற்றோருக்கும் மாற்றுத்திறன் குழந்தைகளின் பெற்றோருக்கும்தான் முதலில் கொடுத்தார்கள். 2007-இல் வயதுவந்த உறவினரைப் பராமரிப்பவர்களுக்கும் விரித்தார்கள். 2014-இல் எல்லா ஊழியருக்கும் கொடுத்தார்கள். கேட்பவர் காரணம் எதுவாகவும் இருக்கலாம். அங்கும் அது கேட்கும் உரிமைதான், ஆனால் கேட்ட ஒவ்வொருவருக்கும் முதலாளி முறையாகப் பதில் சொல்லவேண்டும். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1981-இல் நிறைவேற்றிய 156-ஆம் உடன்படிக்கையும், குடும்பப் பொறுப்பு என்பதில் குழந்தைகளோடு பராமரிப்புத் தேவைப்படும் மற்ற நெருங்கிய உறவினரையும் சேர்த்தே சொல்கிறது. இந்தியா அதை ஏற்கவில்லை. ஆனால் அதிலுள்ள நியாயத்தை ஏற்க நாகர்கோவிலில் இருக்கும் ஒரு நிறுவனத்துக்கு எந்தத் தடையும் இல்லை.

என் கோரிக்கைகள் இவை.

அடுத்த மாதப் பட்டியல் நடைமுறைக்கு வருமுன் நான்காவது பத்தியைத் திரும்பப் பெறுங்கள். பெற்றோர்களுக்குக் கொடுத்ததில் ஒன்றையும் குறைக்காதீர்கள். அதே வாய்ப்பை, யாரையாவது பராமரிக்கும் எல்லோருக்கும் திறந்துவிடுங்கள்: படுக்கையில் இருக்கும் பெற்றோர், நோயுற்ற கணவன் அல்லது மனைவி, உடன்பிறந்தவரின் பிள்ளைகள், மாற்றுத்திறனாளியான சகோதரர் என்று யாராக இருந்தாலும். யார் பெற்றார்கள் என்று பார்க்காமல் யார் வளர்க்கிறார்கள் என்று பாருங்கள். குழந்தைப்பேற்றுச் சிகிச்சைக்கும் கருச்சிதைவுக்குப் பிந்தைய மாதங்களுக்கும் பகல் ஷிப்டும் ரத்தாகாத விடுப்பும் கொடுங்கள். இந்த விவரங்கள் மனிதவளப் பிரிவின் ஒருவரைத் தாண்டிப் போகக் கூடாது.

இவர்களுக்கெல்லாம் ஒதுக்கியபின் மிஞ்சும் இரவுகளை, விரும்பிக் கேட்பவர்களுக்கு உயர்த்திய இரவுப் படியோடு முதலில் கொடுங்கள். பிறகும் தேவைப்படுவதை, குழுத் தலைவர்களையும் மேலாளர்களையும் சேர்த்துச் சுழற்சியில் விடுங்கள். பகலுக்கு மாறுகிற ஒவ்வொரு இடத்துக்கும் இரவுக்கு ஆள் எடுங்கள். ஒருவருடைய வேலை இன்னொருவர் வரிசைக்கு வரும் நாளில் அவருடைய இலக்கைக் குறையுங்கள். பகல் குழுவிலிருந்தும் குழுத் தலைவர்களை எடுங்கள்.

ஜனவரியிலேயே ஒவ்வொருவரும் தங்களுக்கு முக்கியமான இரண்டு பண்டிகைகளைச் சொல்லட்டும். ஒரே பண்டிகையில் தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் ஒருவரை வேலைக்கு வைக்காதீர்கள். சட்ட விடுமுறையில் வேலை செய்தவருக்கு இரட்டைச் சம்பளமா, மாற்று விடுமுறையா என்பதை அவரே எழுதிக் கொடுக்கட்டும். முப்பது நாள் காலாவதியை நீக்கி, ஏற்கெனவே காலாவதியானவற்றைத் திருப்பிக் கொடுங்கள். விடுப்புப் படிவத்தில் காரணம் எழுதும் கட்டத்தை எடுத்துவிடுங்கள்.

காப்பகத்தை எப்போது திறப்பீர்கள் என்று தேதியைச் சொல்லுங்கள்.

கொள்கையைத் திருத்தி எழுதும் குழுவில் குழந்தை உள்ளவர்களும் இல்லாதவர்களும், ஆண்களும் பெண்களும், இரவுக் குழுவினரும் பகல் குழுவினரும் இருக்கவேண்டும். எங்கள் பிரதிநிதிகளை நாங்களே தேர்ந்தெடுத்துத் தருகிறோம்.

என் தனிப்பட்ட மனு உங்கள் மேசையில் கிடக்கிறது. எனக்கு மட்டும் பகல் ஷிப்ட் கொடுத்து இந்த மடலை முடித்துவைத்துவிட வேண்டாம். கடலோரத் தம்பிக்கும், திருவனந்தபுரம் போய்வரும் தோழிக்கும், பாடகர் குழு இளைஞருக்கும் சேர்த்துத்தான் கேட்கிறேன். இந்த மாதம் 25-ஆம் தேதிக்குள் எழுத்துப்பூர்வமான பதிலை அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். பதில் வராவிட்டால், விடுமுறைச் சம்பளம், காப்பகம் ஆகிய இரண்டையும் குறித்து நாகர்கோவிலில் உள்ள தொழிலாளர் துறை அலுவலகத்தில் கையெழுத்துகளோடு மனுக் கொடுப்போம்.

இப்படிக்கு,
இரவு ஷிப்ட் பட்டியலில் உள்ள ஓர் ஊழியர்
திங்கள்சந்தை, கன்னியாகுமரி மாவட்டம்